மாரடைப்பும் முன்வினையும்

சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில் மூன்றாம் அத்தியாயம், பாஞ்சால நாட்டின் தலைநகராகிய காம்பில்யத்தை அடுத்த கங்கைக் கரை வனத்தில், கோடை முடியும் தறுவாயில், ஆத்ரேய புனர்வசு தம் மாணாக்கர்களோடு உலாவிக்கொண்டிருந்த செய்தியோடு தொடங்குகிறது. நாட்டுக்குப் பெருங்கேடு ஒன்று வரப்போவதற்கான குறிகள் தென்படுகின்றன என்றும், மூலிகைகள் வீரியம் இழப்பதற்கு முன்பே அவற்றைச் சேகரித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆசிரியர் சொல்ல, அக்கினிவேசன் என்னும் மாணாக்கன் ஒரு கேள்வி கேட்கிறான். தேகப் பிரகிருதி வேறு, ஆகாரம் வேறு, பலம் வேறு, மனம் வேறு, வயது வேறு என்று மனிதருக்கு மனிதர் எல்லாமே வேறுபட்டிருக்க, ஒரே வியாதி ஒரே காலத்தில் ஒரு ஜனபதம் முழுவதையும் அழிப்பது எவ்வாறு? ஒவ்வொரு நோயாளியின் பிரகிருதியையும் தனித்தனியே ஆராய்ந்து மருந்து சொல்வதையே முறையாகக் கொண்ட ஒரு சாஸ்திரத்தின் அஸ்திவாரத்தையே அசைக்கக்கூடிய கேள்வி இது. ஆத்ரேயர் தரும் விடையும் அதற்கேற்ற ஆழமுடையது. மனிதர்களுக்குள் எத்தனை வேற்றுமை இருந்தாலும் காற்று, நீர், நிலம், காலம் என்னும் நான்கும் எல்லாருக்கும் பொது. இவை கெடும்போது எல்லாரும் ஒருங்கே கெடுகிறார்கள். இவை கெடுவதற்கு மூலம் அதர்மம். அந்த அதர்மமோ, தேசத்துக்கும் நகரத்துக்கும் வணிகக் குழுக்களுக்கும் தலைவராயிருப்போர் நெறி தவற, அவர்களைச் சார்ந்தோரும் அவ்வழியே செல்வதால் வளர்வது.

அக்கினிவேசன் மனத்தில் இருந்தது கொள்ளைநோய். மாரடைப்பு தொற்றும் நோயன்று. ஒரே இரவில் ஓர் ஊரை வாரிக்கொண்டு போவதுமன்று. ஆயினும், 1985ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ரோஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பேராசிரியர் எழுதிய ஒரு சிறு கட்டுரையைப் படிக்கும்போது, அந்தப் பழைய கேள்விதான் வேறொரு வாயிலிருந்து பிறக்கிறது என்று எனக்குத் தோன்றும். இந்த மனிதனுக்கு ஏன் இந்த நோய் வந்தது என்பது ஒரு கேள்வி; இந்த ஜனசமூகத்தில் ஏன் இந்த நோய் இவ்வளவு மிகுந்து காணப்படுகிறது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி; முதலாவதற்குச் சொல்லும் விடை இரண்டாவதற்கு விடையாகிவிடாது என்பது அவருடைய வாதம். ஒரு நாட்டார் அனைவருமே ஒரே அளவு கெட்ட உணவை உண்பார்களேயானால், அவர்களுக்குள் நோயுற்றவனையும் நோயற்றவனையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த உணவு ஒரு காரணமாகவே தெரியாது. பிறப்பின் வேற்றுமை ஒன்றுதான் தெரியும். எல்லாம் பிறவியால் வந்தது என்று அவன் முடிவு கட்டிவிடுவான்.

நம்மவர் பேச்சில் இந்த முடிவு இரண்டு வேஷங்களில் நடமாடுகிறது. ஐம்பது வயது நிரம்பாத ஒருவன் மாரடைப்பால் மாண்டால், அவன் தலையெழுத்து அவ்வளவுதான் என்று பழைமையில் ஊறியவர்கள் சொல்லுகிறார்கள். அவன் தின்ற தீனியும் இழுத்த புகையும் நடக்காமல் உட்கார்ந்த உடம்பும் அவனைக் கொண்டுபோயின என்று நவீனக் கல்வி பெற்றவர்கள் சொல்லுகிறார்கள். முன்னவர் பேச்சு மூடநம்பிக்கை என்றும் பின்னவர் பேச்சு விஞ்ஞானம் என்றும் எண்ணுவது வழக்கம். சற்று நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை என்பது விளங்கும். வினை செய்தவன் அவனே, பயனை நுகர்ந்தவனும் அவனே என்பது இருவருக்கும் பொதுவான அனுமானம். வினை போன ஜன்மத்தில் நிகழ்ந்ததா, போன வருஷத்தில் நிகழ்ந்ததா என்பதில் மட்டுமே அவர்களுக்குள் விவகாரம். வினையின் கர்த்தா தனிமனிதன் ஒருவனே என்ற அந்த அனுமானம், பல சமூகங்களில் இந்த நோய் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்த பிறகும் நிற்குமா என்பதே இங்கே என் விசாரணை.

சிங்கப்பூரிலிருந்து தொடங்கலாம், இந்தக் கதையில் தமிழனுக்குச் சம்பந்தம் உண்டு. பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவராய் விளங்கிய டி. ஜே. தனராஜும் அவருடைய தோழர்களும், 1950களின் முற்பகுதியில் சிங்கப்பூரில் நடந்த பிரேத பரிசோதனைகளின் பதிவுகளை ஆராய்ந்து, 1959இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தீவு, ஒரே வெயில், ஒரே மழை, ஒரே துறைமுகம். அதில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மூன்று சமூகத்தார். இருதயத்தின் இரத்தக் குழாய் அடைத்து இறந்தவர்களில் இந்தியர் பங்கு, சீனர் பங்கைக் காட்டிலும் பன்மடங்கு மிகுந்திருந்தது. அந்த இந்தியரில் பெரும்பாலோர் தமிழர். செல்வத்தில் புரண்டவர்கள் அல்லர். 1980களின் முற்பாதியில் அதே ஊரின் மரணக் கணக்குகளை ஆராய்ந்தவர்களும், முப்பது முதல் எழுபது வரையுள்ள வயதினரில், சீனரைவிட இந்தியர் இந்நோயால் இறப்பது மூன்று மடங்குக்கும் மேல் என்றே கண்டார்கள். ஆத்ரேயர் கூறிய காற்று, நீர், நிலம், காலம் என்னும் நான்கும் அங்கே ஒன்றாயிருந்தும் நோய் ஒன்றாயில்லை. ஆகவே அந்த நான்கோடு வேறொன்றையும் கூட்டித்தான் ஆகவேண்டும்.

அந்த வேறொன்று ஒழுக்கமாயிருக்குமோ என்று பார்க்க, லண்டன் மாநகரின் மேற்கே உள்ள சவுத்ஹாலைக் காட்டிலும் தகுந்த இடம் கிடைப்பது அரிது. அங்கும் அதனை அடுத்த பகுதிகளிலும் குடியேறியிருந்த பஞ்சாபியரையும் குஜராத்தியரையும் முஸ்லிம்களையும், அவர்களோடு ஐரோப்பியரையும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, பால் மெக்கீகும் மைக்கேல் மார்மட்டும் அவர்களுடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆராய்ச்சியை, மத தத்துவம் பேசுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். சீக்கியர் தம் மத விதிப்படி புகையிலையைத் தொடாதவர்கள். குஜராத்தி ஹிந்துக்களில் பலர் புலாலைத் தீண்டாதவர்கள். முஸ்லிம்களுக்கோ மது விலக்கப்பட்டது. ஒவ்வொரு கூட்டமும் தன் தன் சாஸ்திரத்தின் அளவுகோலால் அளந்தால், சுற்றியிருந்த ஆங்கிலேயரைவிட ஏதோ ஒரு நியமத்தில் மேம்பட்டே நின்றது. அப்படியிருந்தும், இங்கிலாந்தில் வாழும் தெற்காசிய வம்சத்து ஆண்கள் இந்நோயால் இறப்பது நாட்டின் சராசரியைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு மிகுந்திருந்தது. இந்த மிகுதி ஒரு மதத்தாரோடு நில்லாமல் எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. ஆராய்ந்தவர்கள் கண்ட பொது அடையாளம், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், இன்சுலினுக்கு உடல் எளிதில் இணங்காமையும், அதன் வழியே வரும் நீரிழிவுமே. புண்ணியத்தின் கணக்குக்கும் இடுப்பின் சுற்றளவுக்கும் அங்கே எந்த உறவும் தெரியவில்லை.

இதனால் மத ஒழுக்கம் பயனற்றது என்று எவரும் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் லோமா லிண்டாவை மையமாகக் கொண்டு வாழும் ஏழாம்நாள் அட்வெண்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் புகையும் மதுவும் விலக்கி, பெரும்பாலும் மரக்கறியும் கொட்டைப் பருப்பும் உண்டு, வாரத்தில் ஒரு நாள் எல்லா வேலையையும் நிறுத்தி ஓய்ந்திருப்பவர்கள். அவர்களில் ஆண்கள் அந்த ராஜ்யத்தின் மற்ற ஆண்களைவிட ஏழு ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாக வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் மரக்கறி உண்டு. ஓரிடத்தில் அது காத்தது, மற்றோரிடத்தில் காக்கவில்லை. நெய்யில் பொரித்த மரக்கறியும் மரக்கறிதான் என்பதை நம் வீட்டு விசேஷங்களில் உண்டு எழுந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மதம் உடம்பைக் காப்பாற்றுகிற இடங்களில் அது புண்ணியமாக நின்று காப்பாற்றுவதில்லை; ஒரு கூட்டத்தார் நாள்தோறும் சேர்ந்து செய்யும் பழக்கமாக நின்றே காப்பாற்றுகிறது.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். சம்யுத்த நிகாயத்தில் சிவகன் என்னும் பரிவிராஜகன் ராஜகிருகத்து வேணுவனத்தில் புத்தரைக் கண்டு, மனிதன் அனுபவிக்கும் சுகமும் துக்கமும் யாவும் முன்வினையால் வருவனவே என்று சொல்லுகிறார்களே, தங்கள் கருத்து என்ன என்று கேட்கிறான். பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, கபத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, மூன்றும் கூடுவதால் உண்டு, பருவ மாறுதலால் உண்டு, உடலைச் சரிவரப் பேணாமையால் உண்டு, பிறர் தாக்குவதால் உண்டு, வினைப்பயனால் வருவதும் உண்டு என்று எட்டாக விரித்துச் சொல்லி, எல்லாம் முன்வினையே என்போர் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறவர்கள் என்று புத்தர் முடிக்கிறார். வினையை மறுத்தவர் அல்லர் அவர். வினைக்கு எட்டில் ஒரு பங்கு இடம் கொடுத்தவர். யோவான் சுவிசேஷத்தில் பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனுடைய பெற்றோரா என்று வினவ, இருவருமல்ல என்று இயேசு சொல்வதும் இந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கது. திருநாவுக்கரசரைப் பற்றிய சூலையைச் சேக்கிழார் தண்டனையாகப் பாடவில்லை, ஆட்கொள்ளலாகவே பாடினார். வள்ளுவரும் அறத்துப்பாலை ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடித்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமையையும் மருந்தையும் தனி அதிகாரங்களாக வகுத்தார். ஊழ் ஒன்றே போதுமென்றால் அந்த இரண்டு அதிகாரங்களையும் எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பெரியோர்கள் எல்லாரும் தீர்க்காமல் விட்ட ஒரு முடிச்சு உண்டு. நோயாளி தானே செய்யாததும், ஆகாயத்திலிருந்து விழாததும், மனிதர் செயலால் வந்ததும், பிறப்பதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்ததுமான ஒரு காரணம் இருக்குமானால் அதற்கு என்ன பெயர் இடுவது? இங்கிலாந்தில் ஹெர்ட்போர்டுஷயர் மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் மாதின் மேற்பார்வையில், 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையையும், அவை ஓராண்டு நிறைந்தபோது இருந்த எடையையும், மருத்துவச்சிகளும் சுகாதாரப் பார்வையாளர்களும் பேரேடுகளில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின் டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவர் அந்தப் பேரேடுகளைக் கண்டெடுத்து, அக்குழந்தைகள் வளர்ந்து எந்த நோயால் இறந்தார்கள் என்று தேடிச் சென்றார். எடை குறைந்த குழந்தைகளாயிருந்தவர்களே முதுமையில் இருதய நோயால் மிகுதியாக மாண்டிருக்கிறார்கள் என்று அவர் 1989இல் எழுதியபோது, வைத்திய உலகம் எளிதில் நம்பவில்லை. கொழுத்தவனைப் பிடிக்கும் நோய் என்று எண்ணியிருந்த ஒன்று, மெலிந்து பிறந்தவனைத் தேடி வருவதாவது!

மைசூரில் ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்று அழைக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியிலும் இத்தகைய பழைய பதிவுகள் இருந்தன. 1934 முதல் இருபதாண்டு காலத்தில் அங்கே பிறந்து, பின்னும் அந்நகரைச் சுற்றியே வாழ்ந்துகொண்டிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண் பெண்களைத் தேடிக் கண்டு பரிசோதித்தார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாக இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய இரத்தக் குழாய் நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. 1996இல் இது வெளியாயிற்று. புனாவில் சித்தரஞ்சன் யாஜ்ஞிக் என்னும் மருத்துவர் கண்டது இன்னும் விசித்திரமானது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிறக்கும் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பிறக்கும் குழந்தையின் எடை 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறியவை. கொழுப்பு மட்டும் அந்த விகிதத்தில் குறையவில்லை. மெலிந்த உருவத்துக்குள் கொழுத்த உடல் ஒன்று ஒளிந்து பிறக்கிறது. கருவிலிருக்கும் சிசு, தாயின் பசியைக் கண்டு, வெளியுலகிலும் பசிதான் காத்திருக்கிறது என்று தன் உடலை அதற்கேற்பச் சமைத்துக்கொள்ளுகிறது. பின்னர் அதே சிசு வளர்ந்து நகரத்துக்கு வந்து நாற்காலியில் அமர்ந்து வயிறு நிரம்ப உண்ணும்போது, பசிக்காகச் சமைத்த உடல் அந்த நிறைவைத் தாங்கமாட்டாமல் நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் இடம் கொடுக்கிறது. இதுதான் அவர்கள் கூறும் விளக்கத்தின் சாரம். வறுமையில் பிறந்தவன் வறுமையிலேயே வாழ்ந்திருக்கக் கூடுமாதலால், குற்றம் கருவினுடையதோ பின்வந்த வாழ்வினுடையதோ என்று தடை கூறும் ஆராய்ச்சியாளரும் உண்டு. அந்தத் தடையில் நியாயமும் உண்டு. எப்படியாயினும், அந்தச் சிசு செய்த பாபம் அதில் எங்கும் இல்லை.

முன்ஜன்மம் என்ற ஒன்று இருதய நோயின் சரித்திரத்தில் உண்டு என்று நான் நம்பத் தொடங்கியது இதைப் படித்த பிறகுதான். அது நம்முடைய சொந்த முன்ஜன்மம் அன்று. நம் தாயின் ஜன்மம். கடைசிப் பந்தியில் மிஞ்சியதை உண்ட பெண்ணின் பட்டினி, அவள் மகனுடைய ஐம்பதாம் வயதில் மாரடைப்பாக வந்து நிற்குமானால், அந்த வினையைச் செய்தவர் யார்? பட்டினி கிடந்தவளா? அவளைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்த வீடா? அந்த வீட்டுக்குத் தானியம் எட்டாமற் செய்த காலத்து அரசா? வினைக் கொள்கையைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அது சொல்லும் காரண காரியத் தொடர்பு இங்கே மிகக் கொடூரமாக உண்மையாயிருக்கிறது. அந்தத் தொடர்பு ஓர் உயிரின் பிறவிச் சங்கிலிக்குள் ஓடாமல், ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கும், ஒரு சமையலறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்கும் ஓடுகிறது என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

இந்த இடத்தில் விஞ்ஞானமே ஒரு புதிய ஜாதகம் எழுத முற்படுவதையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் வைத்தியர்கள் ஒருவனுக்கு அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய அளவைக் கணிக்கக் கையாளும் முறை, 2008 முதல், பிறந்த நட்சத்திரத்தைக் கேட்பதற்குப் பதிலாக அவன் எந்த இனத்தான் என்பதையும் அவன் குடியிருக்கும் தெரு எவ்வளவு வறுமையுற்றது என்பதையும் கேட்டுக் கணக்கில் சேர்க்கிறது. கணக்கு தவறு என்று சொல்வதற்கில்லை. 1948இல் தொடங்கிய அமெரிக்காவின் பிராமிங்ஹாம் ஆராய்ச்சி பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரைப் பற்றியது. அதன் அளவுகோலை அப்படியே எடுத்து நம்மவர்மேல் வைத்தால் ஆபத்து குறைவாகத் தெரிந்து, சிகிச்சை தாமதமாகும். எனினும், இத்தனை பேரில் இத்தனை பேர் என்ற கணக்கைக் கேட்ட ஒருவன், அது தன் ஒருவனுக்கு விதித்த விதி என்று எண்ணிக்கொள்வானாயின், சோதிடரை விட்டு வந்தும் அவன் சோதிடத்தை விட்டு வரவில்லை. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சி இதற்கு நல்ல மருந்து. புகையிலை, இரத்தக் கொழுப்பின் கேடு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனநெருக்கடி முதலான ஒன்பது காரணங்களே எல்லா நாட்டிலும் எல்லா இனத்திலும் முதல் மாரடைப்பின் ஆபத்தில் நூற்றுக்கு 90 பங்கை விளக்கின. தெற்காசியருக்கென்று தனிக் காரணம் ஏதும் தேவைப்படவில்லை. அதே காரணங்கள் அவர்களை இளமையிலேயே வந்து பற்றுகின்றன. அவர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59.

ஜப்பானியர் கதை இதைவிடச் சுவையானது. ஜப்பானில் வாழும் ஜப்பானியரைவிட ஹவாயில் வாழ்வோர்க்கும், அவர்களைவிடக் கலிபோர்னியாவில் வாழ்வோர்க்கும் இந்நோய் மிகுதி. இரத்தம் ஒன்று, கடல் தாண்டத் தாண்ட நோய் வளர்ந்தது. அதிலும் கலிபோர்னியாவிலேயே ஜப்பானிய உறவுமுறைகளையும் கூட்டு வாழ்வையும் விடாது பற்றியவர்களுக்கு நோய் தாய்நாட்டளவே குறைந்திருந்தது என்றும், புகையும் உணவும் இரத்த அழுத்தமும் மட்டும் இந்த வேற்றுமையை விளக்கவில்லை என்றும் மார்மட்டும் சைம் என்னும் ஆராய்ச்சியாளரும் 1976இல் எழுதினார்கள். அதே மார்மட் பின்னர் லண்டன் வைட்ஹால் அரசாங்க அலுவலகங்களில் கண்டதோ, அதிகாரிகளைத் தாக்கும் நோய் என்று பேர்பெற்ற மாரடைப்பு உண்மையில் அவர்களுக்குக் காகிதம் சுமந்த கடைநிலை ஊழியர்களையே மூன்று மடங்குக்கு மேல் கொன்றது என்பது. பட்டினி கிடக்காதவர்கள், ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள். உத்தியோகப் படி ஒவ்வொன்று இறங்க இறங்க ஆயுள் இறங்கியது. அதர்மம் தலைவர்களிடம் தொடங்குகிறது என்று ஆத்ரேயர் சொன்னதை வெறும் ராஜநீதி உபதேசம் என்று எண்ணியிருந்தவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நோக்கலாம்.

அப்படியானால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா, பீடி குடிக்கிறவன் சமூகத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு இன்னொன்றைப் பற்றவைக்கலாமா என்று கேட்பார்கள். சரகரே இந்தத் தடையை அதே அத்தியாயத்தில் எழுப்பிப் பதிலும் சொல்லியிருக்கிறார். ஆயுள் எல்லாருக்கும் நியதமானதென்றால், மந்திரமும் மூலிகையும் விரதமும் எதற்கு, மதங்கொண்ட யானைக்கும் மிரண்ட மாட்டுக்கும் ஒதுங்கி நடப்பது எதற்கு என்று அவர் கேட்கிறார். முன்தேகத்தில் செய்தது தைவம், இத்தேகத்தில் செய்வது புருஷகாரம். இரண்டில் வலியது மெலியதை வெல்லும் என்பது அவர் தீர்ப்பு. அத்தோடு நான் சேர்க்கக்கூடியது ஒன்றுதான்: தைவம் பலர் கூடிச் செய்ததாயிருக்கும்போது, அதை வெல்ல வேண்டிய புருஷகாரமும் பலர் கூடிச் செய்வதாகவே இருக்க வேண்டும். பின்லாந்தில் வட கரேலியா என்னும் பிரதேசத்தார், உலகத்திலேயே இந்நோயால் மிகுதியாக மாண்ட ஆண்களைக் கொண்ட பூமியாகத் தங்கள் ஊர் பேசப்படுவதைப் பொறுக்காமல், 1971இல் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்றை அரசாங்கத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு பெக்கா புஸ்கா என்ற இளம் வைத்தியர் தலைமையில் வேலை தொடங்கிற்று. நோயாளிகளைத் தேடிக் கண்டிப்பதோடு நில்லாமல், மாதர் சங்கத்தார் கிராமந்தோறும் கூடிப் புதிய சமையலைச் சமைத்துக் காட்டினார்கள். வெண்ணெயின் இடத்தை எண்ணெய் பிடித்தது. உணவுப் பண்டம் தயாரிப்போர் உப்பைக் குறைத்தார்கள். பால் பண்ணையால் பிழைத்தவர்களில் சிலர் பழச்செடி பயிரிடத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயதுள்ள ஆண்களிடையே இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 80க்கும் மேல் குறைந்துபோயிற்று. அவர்களுடைய இரத்தம் மாறவில்லை, மதம் மாறவில்லை, குளிரும் மாறவில்லை.

நோய் வராமற் காப்பதைப் பற்றிய பேச்சு இது. வந்த பின் நடப்பதில் வினைக் கொள்கைக்கு இன்னும் கடுமையான பரீட்சை காத்திருக்கிறது. இந்தியாவில் ஐம்பது நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2008இல் வெளிவந்த ஒரு கணக்கில், ஒரு மாதத்துக்குள் ஏழைகளில் நூற்றுக்கு 8.2 பேரும் செல்வரில் 5.5 பேரும் இறந்திருந்தார்கள். ஏழையின் உடல் மெலிந்தது, அவன் விதி மெலிந்தது என்று சொல்லிவிடலாமே என்று பார்த்தால், கணித முறையால் இருவருக்கும் கிடைத்த சிகிச்சையைச் சமமாக்கிப் பார்த்தபோது அந்த வேற்றுமை மறைந்துபோனது. உடல் நிலையையும் மற்றக் காரணங்களையும் சமமாக்கிய போதோ மறையவில்லை. ஆகவே, பூர்வஜன்மத்துக்கு இந்த மரணங்களில் நாம் ஒதுக்கி வைத்திருந்த பங்கு, உண்மையில் கட்டணச் சீட்டுக்கு உரியது. வலி தொடங்கியது முதல் ஆஸ்பத்திரி வாசலை அடைய அந்த நோயாளிகளுக்குப் பிடித்த நேரத்தின் நடு அளவு ஆறு மணி. வாயுக் குத்து என்று சொல்லி ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துப் படுத்துக்கொள்வதும், விடியட்டும் என்று வீட்டார் காத்திருப்பதும், வண்டிக்கும் பணத்துக்கும் அலைவதும் இந்த ஆறு மணிக்குள் அடங்கும். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என்று நாலு கூறாக மருத்துவத்தை வகுத்த வள்ளுவர், நோயாளியை மட்டும் அதற்குப் பொறுப்பாக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் என்னும் மூன்று மருந்துகளில் பதினான்கு மாத்திரைகளைத் தயாராக வைத்து, மார்வலியோடு வருகிறவனுக்கு அங்கேயே முதல் வேளையைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுகிறது. கிராமத்து ஏழைக்கும் நகரத்துச் செல்வனுக்கும் உள்ள அந்த இடைவெளியில் சில மணி நேரத்தையாவது இது அரிந்தெடுக்கக் கூடும். தத்துவ விசாரத்துக்கு நடுவே மாத்திரைக் கணக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஊழைப் பற்றிய விவாதம், இறுதியில், எந்த நேரத்தில் எவன் கையில் எது இருந்தது என்ற விவரத்துக்குள்தான் இறங்கி வந்தாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விதி என்ற சொல்லுக்குத் துக்கம் விசாரிக்கும் இடத்தில் ஓர் உரிமை உண்டு. அதை நான் பிடுங்க மாட்டேன். கணவனை இழந்தவளிடம் போய்ப் புகையிலையைப் பற்றியும் இடுப்பளவைப் பற்றியும் பேசுகிறவன் விஞ்ஞானியல்லன், பண்பற்றவன். அங்கே விதி என்று சொல்வது, உன் மேலும் குற்றமில்லை, அவன் மேலும் குற்றமில்லை என்று சொல்வதற்கு நம் மொழியில் உள்ள மிக மிருதுவான வழி. அந்த ஆறுதலையே காரணமாகவும் கொண்டுவிடும்போதுதான் அதர்மம் நுழைகிறது. தந்தை ஐம்பத்தைந்து வயதுக்கு முன்பும், தாய் அறுபத்தைந்து வயதுக்கு முன்பும் இருதய நோய்க்கு ஆளாகியிருந்தால், அவர்கள் மக்களுக்கு ஆபத்து மிகுதி என்பதை வைத்தியர்கள் ஐயமின்றிச் சொல்லுகிறார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டு, நூறு பேருக்கு இலை போட்டு, தேசாந்தரத்திலிருந்து உறவினரை வரவழைக்கும் குடும்பங்கள், இறந்தவனுடைய உடன்பிறந்தாரையும் மக்களையும் அந்த வாரமே அழைத்துச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துவிடுவதற்கு எந்தச் சாஸ்திரமும் தடை சொல்லவில்லை. சடங்கு செய்விக்கும் புரோகிதரே அதைத் தம் வாயால் சொல்லுவாரானால், வைத்தியர் சொல்லிக் கேளாதவர்களும் கேட்பார்கள்.